என்னர் என்று அச்சான புத்தகம்

நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த பதிப்பகத்தின் புத்தகம் எதுவும் கடையில் கிடைக்காது. நாங்கள் கடைக்காகப் புத்தகம் போடவில்லை, நூலகங்களுக்காகப் போட்டோம். வருடத்துக்கு ஒரு முறை அறிவிப்பு வரும். கடைசி நாளுக்குள் மாதிரிப் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தேர்வுக் குழு பார்க்கும். தேர்வானால் ஆணை வரும். ஆணை வந்ததும் சணல் கயிறு போட்டுக் கட்டி மாவட்டம் மாவட்டமாக அனுப்புவோம். அங்கிருந்து அவை கிளை நூலகங்களுக்குப் பிரிந்து போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்கள் என்ன ஆகின்றன என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது அந்த வேலையில் நான் இல்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் கண் வலி என்கிறேன், பஸ் ஒத்துவரவில்லை என்கிறேன். இரண்டும் பொய். ஒரே ஒரு சொல்லால் வெளியே வந்தேன். அதை ஒரு முறையாவது ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

தொண்ணூற்றேழில் சேர்ந்தேன். பி.ஏ. தமிழ் முடித்த கையோடு. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் மூன்று அறைகள்தான் பதிப்பகம். ஒன்றில் முதலாளி, ஒன்றில் கணினியும் அதில் எழுத்துக் கோக்கும் அக்காவும், மூன்றாவதில் நானும் காகித ரீம்களும். அக்கா ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். நான் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் வருவேன். என் அப்பா ஒரு சிற்பக் கூடத்தில் வேலை செய்தார். சிற்பி இல்லை. கல்லை வண்டியிலிருந்து இறக்குவதும் புரட்டிப் போடுவதும் அவர் வேலை. அம்மா கடற்கரை ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புகள் துவைத்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. இரண்டு பக்கத்து வகையறாவிலும் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான்தான்.

"எம்பொண்ணு புஸ்தகத்துல தப்பு பொறுக்கற வேல பாக்குறா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. எனக்கு அது பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

உண்மையில் வேலை பெரும்பாலும் இழுப்பதுதான். பதினாறு பக்கம் ஒரு பாரம். "எத்தன பாரம் வருதும்மா?" என்றுதான் முதலாளி எந்தக் கையெழுத்துப் பிரதியையும் பார்த்துக் கேட்பார். ஐந்தரை வந்தால் ஆறாக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்குவேன், பத்திக்குப் பத்தி உள்தலைப்பு வைப்பேன், அத்தியாயங்களை வலப்பக்கத்தில் தொடங்க வைப்பேன். கோலம், சிறுவர் பொது அறிவு, கீரை வைத்தியம். இவற்றில் ஒன்றுகூட யாருடைய தலையிலும் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒற்றுப் பிழை ஒன்று விட மாட்டேன். கடற்கரைச் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 'கடல் உனவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் இறங்கிப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிரவில்லை. "துன்றவனுக்குத் தெரியும் போம்மா" என்றார். அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை.

திமிர் என்று அக்கா சொல்வார். திமிர்தான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் பேராசிரியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. எழுந்து நின்று "இன்னா சார்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த வருடம் முழுவதும் என் பெயர் 'இன்னா'. 'இன்னா வந்துட்டா', 'இன்னாவைக் கேளு'. அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். வீட்டிலும் விட்டேன். அம்மா "இன்னாடி" என்று தொடங்கினால் "என்னன்னு சொல்லும்மா" என்பேன்.

"நான் என்னன்னா உங்கப்பன் வேற யாரோ கூப்புடறாங்கன்னு போயிடுவாரு" என்பாள் அம்மா.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருடம், ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் மாடி ஏறி வந்தார். ஒயர் கூடையில் ஏழு நீள நோட்டுகள்.

"இங்கதான் லைப்ரரிக்கு புக்கு போடுறாங்களா?" என்று நிலைப்படியிலேயே நின்று கேட்டார்.

"வாங்க. இன்னாம்மா, கவிதையா?" என்றார் முதலாளி.

"கவிதையெல்லாம் இல்ல சார். புள்ள பெத்த கதை."

"உங்க புள்ளையா?"

"எனக்கேது புள்ள. ஊருல கீறவங்க பெத்தது. நான் கையில வாங்குனது."

கடற்கரைச் சாலையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் ஆயாவாக இருந்தவர். எல்லோரும் கூப்பிடுவதுபோல நாங்களும் ஆயாம்மா என்றே கூப்பிட்டோம். ஐந்தாவது வரை படித்திருந்தார். எழுத்து பெரிது பெரிதாக, கோட்டின்மேல் உட்காராமல் பறந்துகொண்டிருந்தது. நான் நின்றபடியே முதல் நோட்டைப் புரட்டினேன். பத்து பக்கம் போனதும் உட்கார்ந்துகொண்டேன்.

பிரசவ அறையில் பெண்கள் பேசியதை அப்படி அப்படியே எழுதி வைத்திருந்தார். திட்டியதை, சிரித்ததை, மாமியார் வாசலில் போட்ட சண்டையை, மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் கணவன் டீ குடிக்கப் போய்த் திரும்பி வராததை. ஆனால் ஒரு பெயர்கூட இல்லை. எல்லோரும் 'இன்னார்'. இன்னார் மகள், இன்னார் மருமகள், இன்னாருக்கு வலி கண்டது.

"ஏன் ஆயாம்மா எல்லாரும் இன்னார்?" என்று கேட்டேன்.

"பேரப் போட்டா வூட்டுல கொன்னுப் போட்டுடுவாங்க. இன்னாருன்னு போட்டா ஊருக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும், இது நாந்தான்னு."

நான்காவது நோட்டில் ஒரு பக்கம் இருந்தது. அதை எனக்குப் பார்க்காமலே சொல்ல வரும்.

'கருங்குழி பக்கத்து இன்னாருக்கு ஆம்பளப் புள்ள பொறந்துது. காலைல பால்காரன் வர நேரத்துல பொறந்து சாயங்காலம் பள்ளிக்கூடம் விடற வரைக்கும் இருந்துது. அப்பன் மூக்கு. காது மட்டும் இன்னாரோட காது. பேர் வைக்கல. பதியவும் இல்ல. எங்கயாவது எழுதி வையுங்க ஆயாம்மா, இது இருந்துதுன்னு, அப்படின்னு என் கையப் புடிச்சிகினு இன்னார் கேட்டா. அந்த வாரமே இந்த நோட்டு வாங்குனேன்.'

"அவளாண்ட சொல்லிக்கீறேன், புக்குல வந்தா லைப்ரரியில போய்ப் பாருன்னு" என்றார் ஆயாம்மா. "அவ ஏழாவது வரைக்கும் படிச்சவ. எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவா."

முதலாளி பாரம் கேட்டார். இழுக்காமலே பதினொன்று வந்தது. அவருக்கு அது போதும். எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு புத்தகம் செய்கிறேன் என்ற உணர்வு வந்திருந்தது. முதலாளியிடம் போய், இதில் பதிப்பாசிரியர் என்று என் பெயரைப் போட வேண்டும் என்றேன். இதற்கு முன் என் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போட்டுக்கோ. அதுக்கு இன்னா, இங்க்கு ஜாஸ்தியாவா ஆகப்போவுது" என்றார்.

நான்கு மாதம் அந்த நோட்டுகளோடு இருந்தேன். பஸ்ஸில் படித்தேன். மூன்று முறை மெய்ப்பு பார்த்தேன். ஆயாம்மாவின் வாக்கியங்களை அதிகம் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் வலியில், பயத்தில், சந்தேகத்தில், 'இன்னா', 'இன்னா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்னா புள்ள? இன்னா ஆச்சு? இன்னா ஆயாம்மா பேசாம கீறே? ஒவ்வொரு முறை அந்தச் சொல் வரும்போதும் எனக்குக் காதில் ஒரு வகுப்பு சிரித்தது.

மாதிரிப் பிரதிக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அன்று மாலைக்குள் அச்சுக்குத் தாள் போயாக வேண்டும். அன்று மதியம் அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, 'இன்னா' வர்ற எடத்துலயெல்லாம் 'என்ன'ன்னு மாத்திடலாம்."

"ஏன்? அப்டியே நல்லாத்தானே கீது."

"நூலகத்துக்குப் போற புத்தகம் அக்கா. படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பாங்க?"

நான் திரையில் முதல் 'இன்னா'மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"சரி. ஒண்ணொண்ணா கேட்டுகினு மாத்தவா, மொத்தமாவா?"

"மொத்தமா."

கணினிக்குச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாது. 'இன்னா' என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் எடுத்துவிட்டு 'என்ன' என்று வைக்கச் சொன்னால் வைக்கும். அதன் பின்னால் ஒரு 'ர்' ஒட்டியிருந்தால் அதற்கு என்ன கவலை. நொடியில் முடிந்துவிட்டது. "யம்மாடி, நானூத்திச் சொச்சம் எடத்துல மாத்திக்கீது" என்றார் அக்கா. அவ்வளவா என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிரசவ அறையில் பெண்கள் அத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சகத்து ஆள் கீழே ஸ்கூட்டரை நிறுத்தாமலே ஹாரன் அடித்தார். அக்கா ஒவ்வொரு தாளாக அச்செடுத்துக் கொடுக்க, நான் பக்க எண்களைச் சரிபார்த்து அடுக்கினேன். மூன்று முறை படித்த புத்தகம் என்ற தைரியம். ஒரு பக்கத்தை மட்டும் வரிவரியாகப் படித்தேன். நான்கு முறை படித்தேன். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம், என் பெயர் இருந்த பக்கம். அதில் பிழை இல்லை.

புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவின் விரலைப் பிடித்து அந்த வரிமேல் வைத்தேன். அவள் விரலில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாடை இருக்கும்.

"இதுலயா கீறே நீ?"

"இதுதாம்மா என் பேரு."

"குட்டியூண்டா கீறியே" என்றாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கை கழுவிவிட்டு வந்து தொட்டார். அந்த ஒரு நாள் என்னைப்போலப் பெருமையாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆயாம்மா வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். பத்து பிரதிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு. நான் எதிரே நின்றேன். ஒரு பாராட்டுக்காகத்தான் நின்றேன்.

விரல் நின்றது. திரும்ப வரியின் தொடக்கத்துக்குப் போனது. மறுபடியும் நின்றது.

"ஏம்மா" என்றார், "'என்னர்'னா இன்னா?"

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். 'என்னர் மகள் வலி கண்டு வந்தாள்.' அடுத்த பத்தியில் 'என்னருக்கு இது மூன்றாவது.' புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினேன். என்னர். என்னரை. என்னருடைய. நான்காவது நோட்டுப் பக்கத்தைத் தேடினேன். 'கருங்குழி பக்கத்து என்னருக்கு ஆம்பளப் புள்ள பொறந்துது.'

அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. அப்படி ஒருவர் எங்கும் இல்லை.

"படிச்சவங்க சொல்ற வார்த்தையா?" என்று ஆயாம்மா கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் ஏதோ நல்லதாக மாற்றியிருப்பேன் என்று நம்பினார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு நொடி, சொல்லிவிடலாமா என்று நான் நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"இல்ல ஆயாம்மா. தப்பு. என் தப்பு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கூடையிலிருந்த பத்து பிரதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"அவ எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. இதக் கூட்டிப் பாத்துட்டு, இது நான் இல்லன்னு மூடி வெச்சிட்டு வூட்டுக்குப் பூடுவா. அந்தப் புள்ளைக்கு இது ஒண்ணுதாம்மா இருந்துது."

"எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நானே போய்ச் சொல்றேன்."

"யாருன்னு உனக்குச் சொல்லக்கூடாதுன்னுதானே நான் அப்டி எழுதுனேன்?" என்றார். காலி கூடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

முதலாளியிடம் ஓடினேன். மாதிரிப் பிரதி ஏற்கெனவே போய்விட்டது. மறுபடி அச்சடிக்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

"ஆணை வரலன்னா சொல்லு, திருத்தி அடுத்த வருசத்துக்குப் போட்டுடலாம். வந்துட்டா, மாதிரி எப்டி கீதோ அப்டித்தான் குடுக்கணும். மாத்தினா திருப்பி அனுப்பிச்சுடுவாங்க."

"பிழைதிருத்தச் சீட்டாவது ஒட்டலாம் சார்."

"சீட்டு ஒட்டினா, தப்பான புக்கக் குடுத்துட்டோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. ஏம்மா இப்டிப் பேஜாரு பண்றே? லைப்ரரிக்குப் போறத யாரு வரிவரியா படிக்கிறா?"

அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். என் ஒன்பது வருடத்தையும் ஒரே தட்டில் கீழே தள்ளியது அந்த ஆறுதல்.

அதற்கு முந்தைய இரண்டு வருடம் எங்களுக்கு ஆணை வரவில்லை. முதலாளி பாதி நாள் வீட்டிலேயே இருந்தார். இந்த முறையும் வராவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியும். அக்காவின் வீட்டில் அவர் ஒருவர்தான் சம்பாதிப்பவர். இது எல்லாம் தெரிந்தே நான் வேண்டினேன். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நிற்கும் ஐந்து நிமிடத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, மலையைப் பார்த்துத் தினமும் வேண்டினேன். ஆணை வரக்கூடாது. எங்கள் பதிப்பகம் மூடினாலும் பரவாயில்லை, இந்தப் புத்தகம் போகக்கூடாது.

வந்தது. எங்கள் ஏழு புத்தகங்களில் ஒன்றுக்குத்தான் வந்தது. ஆயாம்மாவின் புத்தகத்துக்கு.

முதலாளி இனிப்பு வாங்கிவந்தார். அக்கா என் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "முழுங்கிடு" என்றார் மெதுவாக. "எனக்காக."

மூட்டை கட்ட ஒரு வாரம் இருந்தது. கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்த கிடங்கில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நானூறு இடத்தையும் எல்லாப் பிரதியிலும் திருத்த முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் திருத்தலாம். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கறுப்பு மைப் பேனாவால் அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத ஆரம்பித்தேன். 'எ'வை அடித்து மேலே 'இ'. 'ன' பக்கத்தில் கால் போட வேண்டும். அச்செழுத்துபோலவே போட முயன்றேன். ஒரு பிரதிக்கு மூன்று இடம். முதல் நாள் பதினெட்டுப் பிரதிகள் செய்தேன். பேனா கொஞ்சம் அழுந்தினாலும் மை பரவியது. பரவியவற்றைப் பார்த்து அங்கேயே அழுதேன். அழுதால் தாள் நனையும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் முதலாளி கதவைத் திறந்தார்.

"இன்னா பண்றே?"

நான் பேனாவை மறைக்கவில்லை. எழுபதுக்கு மேல் முடித்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று இடத்தையும் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். பிழை அவருக்கும் வலிக்கும் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

"கிறுக்கின புக்க வாங்க மாட்டாங்கம்மா" என்றார். "எல்லாத்தையும் தனியா எடுத்து வை. இதுக்கு மேலயும் கிறுக்கி அளவு கொறஞ்சா நான் இன்னா பதில் சொல்றது?"

நான் திருத்திய பிரதிகள் மட்டும் நூலகங்களுக்குப் போகவில்லை. திருத்தாதவை எல்லாம் போயின.

அவை லாரியில் ஏறிய மறுநாள் வேலையை விட்டேன். முதலாளிக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரு சொல்லுக்கா? அடுத்த புக்குல உம்பேர அட்டையிலயே போட்டுடறேன்" என்றார். வேண்டாம் சார் என்றேன். அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதில் 'பிழைதிருத்துநராக ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார்' என்று இருந்தது. பதிப்பாசிரியர் என்று இல்லை. முந்தைய மாதமாக இருந்தால் அங்கேயே நின்று மாற்றி எழுத வைத்திருப்பேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்கா ரயில் நிலையம்வரை கூட வந்தார். நான் பஸ்ஸுக்குப் போக வேண்டியவள். எதற்கு அவரோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன் என்று தெரியவில்லை. "நான் கேட்டேன்ல உன்ன, ஒண்ணொண்ணாவா மொத்தமாவான்னு" என்றார். குற்றம் சாட்டவில்லை, அதைச் சொல்லாமல் அவரால் ரயில் ஏற முடியவில்லை. ஏறிய பிறகு ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் விட்டார்.

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து, "அந்தப் புக்குல இன்னும் உம்பேரு கீதா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்பறம் இன்னா" என்றாள். நான் அவளைத் திருத்தவில்லை. அவளுக்கு என் பெயர். எனக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் நூற்று எழுபத்தாறு பக்கங்கள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு அந்த ஒரு பக்கத்தைத் திருத்த, பேனாவோடு நூலகங்களுக்குப் போக ஆரம்பித்தேன். நூலகங்களுக்காகவே புத்தகம் செய்தவள், அதுவரை ஒரு கிளை நூலகத்துக்குள்ளும் போய் உட்கார்ந்ததில்லை. மாமல்லபுரத்தில் புத்தகம் இன்னும் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. பிரிக்கும் நாள் கேட்டுவந்து, பிறகு போய்த் திருத்தினேன். ஊரப்பாக்கத்தில் பிடிபட்டேன். "புத்தகத்துல எழுதக்கூடாதும்மா" என்று நூலகர் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார். பக்கத்தை அவரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கருங்குழிக்குக் கடைசியாகத்தான் போனேன். அங்கே போகப் பயமாக இருந்தது. அலமாரியில் எங்கள் பதிப்பகத்துப் புத்தகங்கள் ஒரு வரிசை நின்றன. அது மட்டும் இல்லை.

"வெளிய போயிருக்கும்மா" என்றார் நூலகர், பதிவேட்டைப் பார்த்து. "போன மாசமே திரும்பி வந்திருக்கணும். வரல."

"யார் எடுத்தாங்க சார்?"

"அதெல்லாம் சொல்றதில்ல."

"ஆம்பளையா, பொம்பளையா, அத மட்டுமாவது."

"நீங்க யாரு?"

"அந்தப் புத்தகத்தோட பதிப்பாசிரியர்" என்றேன். வாய்விட்டு அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உங்ககிட்டயே வேற பிரதி இருக்குமே" என்றார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். வாசிப்பு மேஜையில் ஏதாவது ஒரு நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பேன். பெண்கள் வருகிறார்கள். வார இதழ் புரட்டுகிறார்கள், பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் எடுக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் காதையும் பார்க்கிறேன். அதில் என்ன தெரியப் போகிறது? ஆனாலும் பார்க்கிறேன். புத்தகம் திரும்பி வந்தால் நொடியில் திருத்திவிடலாம். ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பவள் அதற்குள் படித்திருப்பாள்.

சென்ற சனிக்கிழமை நூலகர் என்னிடம் வந்தார். ஆறு மாதம் ஆகிவிட்டது, அந்தப் புத்தகத்தைத் தொலைந்ததாகப் பதிவேட்டில் எழுதப் போகிறேன் என்றார். நான் தினசரியை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"வேண்டாம் சார். தொலைஞ்சுதுன்னு எழுதாதீங்க. யார்கிட்டயோ இருக்கு."

"இருந்தா கொண்டாந்து குடுப்பாங்கல்ல?"

"குடுக்க மனசு வராம இருக்கலாம். இல்ல, எனக்குத் தெரியல. கொஞ்ச நாள் பொறுங்க."

"எழுதலன்னா கணக்குல நான்ல பதில் சொல்லணும்? எழுத வேணாம்னு சொல்ல நீங்க யாரும்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றியபடி, என் பதிலுக்காகத்தான் நின்றார்.